அடுப்பைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே பேருந்து நிலையச் சுவர்களில் அந்தச் சுவரொட்டிகள் வந்துவிடுகின்றன. வெள்ளைத் தொப்பியும் கோட்டும் போட்ட ஓர் இளைஞர், அவருக்குப் பின்னால் ஒரு சொகுசுக் கப்பல், கீழே ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’, ‘படிக்கும்போதே சம்பாதிக்கலாம்’. கேட்டரிங் படிப்புக்கு ஆள் பிடிக்கும் இந்த மொழி வெகுகாலமாக மாறவில்லை. மாறியிருப்பது வீடு. பையன் சமையல் படிக்கிறான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லக் கூச்சப்பட்ட பெற்றோர், 2019இல் தொலைக்காட்சியில் ‘குக் வித் கோமாளி’ நிகழ்ச்சி வந்ததற்குப் பிறகு, ‘என் பொண்ணு ஷெஃப் ஆகப்போறா’ என்று தாங்களே சொல்கிறார்கள். நல்லதுதான். ஏன் இதைப் படிக்க வேண்டும் என்ற சண்டை பல வீடுகளில் தீர்ந்துவிட்டது. எங்கே படிப்பது என்பதில்தான் பணமும் மூன்று ஆண்டும் வீணாகின்றன.

ஒரே பெயரில் பல சரக்குகள் விற்கப்படுவதுதான் காரணம். முதலில் அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஊரில் ‘கேட்டரிங்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி ஹோட்டல் மேனேஜ்மென்ட். அதில் சமையலறை நான்கில் ஒரு துறை மட்டுமே. மற்ற மூன்று: மேசையில் பரிமாறும் சர்வீஸ், வரவேற்பு மேடையான ஃப்ரண்ட் ஆபீஸ், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங். கணக்கு, சட்டம், ஊட்டச்சத்து, கணினி எல்லாம் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். மூன்று ஆண்டில் மாணவர் கரண்டியைப் பிடிக்கும் நேரம் அவர் எதிர்பார்த்து வந்ததில் பாதிகூட இருக்காது. இது அந்தப் படிப்பின் குறையல்ல, அதன் நோக்கமே அதுதான்: ஹோட்டலின் எந்த வாசலிலும் நுழையத் தெரிந்த ஆளை உருவாக்குவது.

குலினரி ஆர்ட்ஸ் பட்டம் வேறு. அங்கே சமையலறைதான் பள்ளிக்கூடம். சூடான அடுப்புப் பகுதி, குளிர்ந்த உணவுகள் செய்யும் பகுதி, பேக்கரி, இறைச்சி வெட்டும் மேசை, மெனு திட்டமிடல், ஃபுட் காஸ்ட் கணக்கு, சமையலறை வடிவமைப்பு என்று பெரும்பகுதி நேரம் உணவைச் சுற்றியே போகும். இந்தியாவில் இது ஒப்பீட்டளவில் இளைய படிப்பு. ஹைதராபாத்தில் 1996இல் தொடங்கிய குலினரி அகாடமி ஆஃப் இந்தியா, மணிப்பாலில் வெல்கம்குரூப் கல்லூரியின் பி.ஏ. குலினரி ஆர்ட்ஸ், ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் திருப்பதியிலும் நொய்டாவிலும் நிறுவிய இந்தியன் குலினரி இன்ஸ்டிடியூட்டின் பி.பி.ஏ. ஆகியவை தமிழ்நாட்டு மாணவர்கள் வழக்கமாகப் பரிசீலிக்கும் இடங்கள். பி.ஏ., பி.பி.ஏ., பி.எஸ்சி. என்று பட்டத்தின் பெயர் இடத்துக்கு இடம் மாறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கி, அதில் சமையலறை நேரம் வாரத்துக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டல்தான் படிப்பின் உண்மையான பெயர்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் பக்கத்தின் வரலாறு நீளமானது. 1954இல் லீலாவதி முன்ஷியின் முயற்சியில் மும்பையில் முதல் கல்லூரி உருவானது. சென்னைக் கல்லூரி 1963இல் வந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. அந்த நாட்களில் இவை உணவுத் துறையின் கீழ் இருந்தவை. 1982இல்தான் சுற்றுலாத் துறைக்கு மாறின. அதே ஆண்டில் தேசிய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கவுன்சிலும் உருவானது. இன்று ஐ.எச்.எம். என்று அழைக்கப்படும் இந்தக் கல்லூரிகளில் சேர என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரியும் இருக்கிறது. இவற்றைத் தவிர, தனியார் பல்கலைக்கழகங்கள் ஒருபுறம். பாரதியார் பல்கலைக்கழகம் போன்றவற்றின் கீழ் பி.எஸ்சி. கேட்டரிங் சயின்ஸ் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகள் இன்னொருபுறம்.

பதினேழு வயதில் எதைத் தேர்ந்தெடுப்பது? சமையலறைதான் வாழ்க்கை என்பதில் ஐயமே இல்லாத பிள்ளை குலினரிக்குப் போகட்டும். ‘சமைக்கப் பிடிக்கும், ஆனால் பார்க்கலாம்’ என்கிற பிள்ளைக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட்தான் சரி என்பது என் கருத்து. சமையலறை வேலை என்பது பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி செய்வது. காலையில் வந்து மதியம் போய் மறுபடி மாலையில் வரும் பிரேக் ஷிஃப்ட், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுப்பில்லாத நாள்காட்டி, முழங்கை வரை சூட்டுத் தழும்பு. முப்பது வயதில் முதுகு வலி வந்து வெளியேற நினைப்பவருக்கு ஃப்ரண்ட் ஆபீஸ் தெரிந்திருந்தால் இன்னொரு வாசல் திறந்திருக்கும். சமையலறை வேலை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளப் பட்டம் எடுக்க வேண்டியதில்லை. தேர்வு முடிந்த விடுமுறையில், பதினெட்டு வயது ஆனவர் என்றால், தெரிந்த ஹோட்டலிலோ கல்யாண காண்ட்ராக்டரிடமோ ஒரு மாதம் சரக்கு மாஸ்டருக்கு உதவியாளாக நின்று பார்க்கலாம். வெங்காயம் உரித்து, அண்டா கழுவி, அதற்குப் பிறகும் மறுநாள் காலை கிளம்பத் தோன்றினால் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது, பட்டத்தை யார் தருகிறார்கள் என்பது. கட்டடத்தின் பெயர்ப் பலகையில் இருப்பவர் அல்ல, சான்றிதழில் கையெழுத்திடும் பல்கலைக்கழகமே முக்கியம். ஐ.எச்.எம்.களின் பி.எஸ்சி. பட்டத்தை இப்போது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தருகிறது. தனியார் கல்லூரியாக இருந்தால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, அந்த இணைப்பு இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இந்த ஆண்டு உண்டா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி அலுவலகம் காட்டும் பழைய கடிதம் போதாது. ‘சர்வதேச டிப்ளமா’, ‘லண்டன் சான்றிதழ்’ போன்றவை கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். அவை பட்டத்தின் இடத்தை நிரப்பாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் யு.ஜி.சி. 2020இல் கொண்டுவந்த விதிமுறைகள், அந்த முறையில் நடத்தக் கூடாத படிப்புகளைப் பட்டியலிடுகின்றன. மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்புகளோடு ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் டெக்னாலஜி, குலினரி சயின்ஸ் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ‘இங்கே வகுப்பு, பட்டம் வேறு மாநிலத் தொலைநிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் ‘ஹாஸ்பிடாலிட்டி மானிட்டர்’ பணிக்கு ஆள் எடுத்தபோது, கவுன்சிலோடு இணைந்த கல்லூரிகளின் பி.எஸ்சி., இந்தியன் குலினரி இன்ஸ்டிடியூட்டின் பட்டம், யு.ஜி.சி. அல்லது ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் என்று தெளிவாகக் கேட்டிருந்தது. அங்கே லண்டன் சான்றிதழ் எடுபடாது.

இவ்வளவும் காகிதம். காகிதத்தை அரை நாளில் சரிபார்த்துவிடலாம். நேரம் செலவிட வேண்டியது சமையலறையில்.

ஒழுங்கான கல்லூரியில் பயிற்சிச் சமையலறை ஒன்றோடு நிற்காது. முதலாண்டு மாணவர் வெட்டவும் வதக்கவும் கற்கும் பேசிக் கிச்சன், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வேளையில் சமைக்கும் குவான்டிட்டி கிச்சன், மூன்றாமாண்டினருக்கான அட்வான்ஸ்டு கிச்சன், தனியே ஒரு பேக்கரி என்று அடுக்கடுக்காக இருக்கும். விளம்பரக் கையேட்டில் இவை எல்லாம் படமாக இருக்கும் என்பது வேறு. கேட்க வேண்டிய கேள்வி: ஒரு செய்முறை வகுப்பில் எத்தனை மாணவர்கள், எத்தனை அடுப்புகள்? ஆசிரியர் செய்து காட்ட நாற்பது பேர் சுற்றி நின்று குறிப்பெழுதுவது டெமான்ஸ்ட்ரேஷன். அதற்கு யூடியூப் போதும். ஒவ்வொருவரும் தன் அடுப்பில் தன் பாத்திரத்தில் செய்து, தான் செய்ததை ஆசிரியர் ருசி பார்த்து, ‘உப்பு பின்னால போட்டிருக்கணும்’ என்று திட்டு வாங்குவதுதான் செய்முறை வகுப்பு. ஒரு கோழியை ஒருவர் முழுசாக அறுத்துத் துண்டு போடக் கற்கிறாரா, அல்லது எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கோழியா?

இதை ஒரு காகிதம் காட்டிக்கொடுக்கும். அதன் பெயர் இண்டென்ட். ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் என்ன பொருள், எவ்வளவு என்று ஸ்டோருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடந்த மாதத்து இண்டென்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். வெண்ணெய், கிரீம், மீன், இறைச்சி ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா, வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும்தானா? சமையல் கல்லூரியின் பெரிய தொடர்செலவுகளில் ஒன்று பொருள் வாங்குவது. கட்டணத்தில் லாபம் பார்க்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கை வைப்பதும் அங்கேதான். காட்ட மறுத்தால் அதுவும் பதில்தான்.

போகும்போது, வாழை மரம் கட்டி வரவேற்கும் ‘ஓபன் ஹவுஸ்’ நாளில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பு நடக்கும்போது போங்கள். அடுப்புக்கு மேல் இருக்கும் எக்ஸாஸ்ட் ஹுட்டைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சொட்டினால் பராமரிப்பு இல்லை. புத்தம் புதிதாகப் பளபளத்தால் யாரும் சமைப்பதில்லை. குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் டப்பாக்களில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறதா? பச்சை இறைச்சி கீழ்த்தட்டிலும் சமைத்த உணவு மேலேயும் இருக்கின்றனவா? உணவுப் பாதுகாப்பைப் பாடமாக நடத்தும் இடம் தன் குளிர்பெட்டியிலேயே அதைக் கடைப்பிடிக்காவிட்டால், அந்தப் பாடம் தேர்வுக்கானது. சமைத்த உணவு என்ன ஆகிறது என்றும் விசாரியுங்கள். மாணவர் மெஸ்ஸுக்கோ பயிற்சி உணவகத்துக்கோ போகிறது என்றால் நல்லது, ஏனென்றால் யாரோ ஒருவர் உண்மையில் சாப்பிட்டுக் கருத்துச் சொல்கிறார்.

ஆசிரியர்களில் எத்தனை பேர் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர்கள் என்பதும் முக்கியம். படிப்பு முடிந்து அதே கல்லூரியிலேயே ஆசிரியரானவர் புத்தகத்தை நன்றாகச் சொல்லித் தருவார். இரவு எட்டரை மணிக்கு முப்பது ஆர்டர் ஒன்றாக வந்து விழும்போது கை எப்படி ஓட வேண்டும் என்பதை, அந்த நேரத்தில் அங்கே நின்றவரால்தான் சொல்ல முடியும்.

ஹோட்டலில் பெறும் பயிற்சிக்கு இன்டஸ்ட்ரியல் டிரெயினிங் என்று பெயர். ஏறக்குறைய ஒரு பருவம் அதற்குப் போகும். எந்த ஹோட்டல், யார் ஏற்பாடு செய்கிறார்கள், உணவுப்படியோ உதவித்தொகையோ உண்டா என்று போன ஆண்டுப் பட்டியலை வைத்துக் கேளுங்கள். ‘பெரிய ஹோட்டல்களோடு ஒப்பந்தம்’ என்ற வாய்ச்சொல்லை விட, அங்கே போய்வந்த இரண்டு மூன்றாமாண்டு மாணவர்களின் தொலைபேசி எண் மதிப்பானது. பயிற்சியின் தொடக்கத்தில் கேரட் மட்டுமே நறுக்கினேன் என்று அவர்கள் சொன்னால் பயப்பட வேண்டாம், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் இரண்டாம் மாதமாவது வேறு பகுதிக்கு மாற்றினார்களா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ‘படிக்கும்போதே சம்பாதிக்கலாம்’ என்பதன் உட்பொருளைச் சொல்லிவிட வேண்டும். கேட்டரிங் மாணவர்களிடையே ஓ.டி.சி. என்பது அன்றாடச் சொல். கல்யாண மண்டபங்களிலும் விருந்துகளிலும் தினக்கூலிக்குப் பரிமாறப் போவது. வார இறுதியில் போய் செலவுக்குப் பணம் சேர்க்கும் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தியில் நிற்கும் பழக்கமும் பாடம்தான். ஆனால் சில இடங்களில் முகூர்த்த நாள் வந்தால் வகுப்பே கிடையாது. கல்லூரியே ஒப்பந்தம் எடுத்து, வேன் வைத்து மாணவர்களை அனுப்பி, நடுவில் கமிஷன் பார்க்கிறது. கட்டணம் கட்டிப் படிக்க வந்தவர் அங்கே மலிவான வேலையாள். இதைக் கண்டுபிடிக்க வைகாசி, ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் கல்லூரி வாசலில் நின்றால் போதும்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். ஹோட்டல் சமையலறையின் முதல் படி ‘கமி’. அதிலும் மூன்று, இரண்டு, ஒன்று என்று தரம் உண்டு. அதற்கு மேல் சி.டி.பி. எனப்படும் ஷெஃப் டி பார்ட்டி, பிறகு சூ ஷெஃப், கடைசியில் எக்சிக்யூட்டிவ் ஷெஃப். பட்டதாரி பெரும்பாலும் இந்தக் கமி தரங்களில் ஏதோ ஒன்றில்தான் நுழைவார். ஆகவே எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதைவிட, என்ன பதவியில், அடுத்த ஆண்டும் எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நூறு சதவீதம் என்ற எண் அங்கே தடுமாறும்.

கப்பல் வேலைக்கு ஆசைப்படுபவர்கள் கவனிக்க: சான்றிதழ் வாங்கித் தருவது கல்லூரி அல்ல. சி.டி.சி. என்ற கடலோடி ஆவணமும் எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஏற்பாட்டுக்குள் வருபவை. ஆள் எடுக்கும் முகவருக்கு அந்த இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் அவர் பணம் வாங்கக் கூடாது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து ‘கப்பல் வேலைக்கு முன்பணம்’ கேட்பவரை நம்ப வேண்டாம்.

பாடத்திட்டம் பிரெஞ்சுமயமாக இருக்கிறது, நம் ஊர்ச் சமையலுக்கு இடமில்லை என்று ஒரு புகார் அடிக்கடி வருகிறது. பாதி நியாயம். பிரெஞ்சு ஷெஃப் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட சமையல் நூலின் நிழல் இன்றும் முதலாண்டுப் பாடத்தில் விழுகிறது: ஸ்டாக், அடிப்படை சாஸ்கள், வெட்டும் முறைகள். இவற்றை வீண் என்று ஒதுக்குவது தவறு. எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டால் சாறு கலங்கும், மாவும் வெண்ணெயும் எந்த நிறத்தில் எந்த வாசனை தரும் என்று கை அறிந்துகொள்ள அவை நல்ல பயிற்சி. ஆனால் தமிழ்நாட்டில் இயங்கும் கல்லூரி ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கவும், தம் பிரியாணியின் சூட்டைக் கணிக்கவும், மழைக்காலத்தில் இட்லி மாவு ஏன் தாமதமாகப் பொங்குகிறது என்று விளக்கவும் கற்றுத் தரவில்லை என்றால், அதன் மாணவர் உள்ளூர் சரக்கு மாஸ்டரின் முன்னால் வாயடைத்து நிற்க நேரும். பல நேரங்களில் இதைத்தான் பார்க்கிறோம். ஊரிலிருக்கும் தேர்ந்த மாஸ்டர்களைப் பயிற்சி கொடுக்க அழைக்கும் கல்லூரி எதுவென்று விசாரியுங்கள்; அதற்கு என் மதிப்பெண் கூடுதல்.

சைவக் குடும்பங்களின் தயக்கத்துக்கும் ஒரு சொல். இறைச்சியைத் தொடாமல் இந்தப் படிப்பை முடிப்பது பெரும்பாலான இடங்களில் கடினம். ஆமதாபாத், போபால், ஜெய்ப்பூர் ஐ.எச்.எம்.களில் 2018இல் சைவ மாணவர்களுக்கென்று தனி விருப்பப் பிரிவு கொண்டுவரப்பட்டது. பேக்கரியைத் தனிப்பாடமாக எடுப்பது இன்னொரு வழி, அங்கும் முட்டை உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

அடுத்துப் பணம். கல்விக் கட்டணத்தோடு யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ, கத்திப் பெட்டி, செய்முறைக் கட்டணம், பயிற்சிக் காலத்தில் வெளியூரில் தங்கும் செலவு எல்லாம் சேரும். மொத்தத்தையும் எழுத்தில் வாங்கி, ஒரு கமியின் முதலாண்டுச் சம்பளத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் படிக்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தரமணி ஐ.எச்.எம்.மில் படிக்க தாட்கோ செலவை ஏற்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

பட்டமே எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. விரைவில் சம்பளம் வேண்டியவருக்கு ஐ.டி.ஐ.யில் ‘ஃபுட் புரொடக்‌ஷன்’ பிரிவு ஓராண்டில் முடிகிறது. ஐ.எச்.எம்.களில் சமையலுக்கும் பேக்கரிக்கும் ஒன்றரை ஆண்டு அளவிலான குறும்படிப்புகள் உண்டு. ஆசிரியராகவோ, வெளிநாட்டில் மேல்படிப்புக்கோ, அரசு சார்ந்த வேலைக்கோ போக நினைப்பவருக்குப் பட்டம் தேவை. சொந்தமாக மெஸ் போட நினைப்பவர் அதே பணத்தை அடுப்பிலும் பாத்திரத்திலும் போடலாம்.

தரமணியையோ திருச்சியையோ மனத்தில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என்.சி.எச்.எம். நுழைவுத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். தேர்வு ஏப்ரல், மே வாக்கில் நடக்கும், விண்ணப்பம் அதற்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும், பிறகு யோசிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த ஆண்டு வாய்ப்பு நழுவிவிடும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு எழுதும்போதே அறிவிப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள்.